பெரிய கை வாங்கினால், எதிரே விற்றது யார்?

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் காலை நேரத்தில் இரண்டு கூட்டம் சந்திக்கும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் ஒரு பக்கம். அவர்களில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி செல்போனை என் முன்னால் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஏதோ ஒரு கம்பெனியின் பங்கை வெளிநாட்டு ஃபண்டு ஒன்று கோடிக்கணக்கில் அள்ளியிருக்கிறதாம்.

“அண்ணே, இவ்ளோ பெரிய கை விஷயம் தெரியாமலா வாங்கும்? நாமளும் கொஞ்சம் போட்டு வைக்கலாமா?”

“தம்பி, அவன் வாங்கியிருக்கான்னா எவனோ ஒருத்தன் வித்திருக்கணும். அவ்வளவு பங்கு வச்சிருந்தவன் சின்ன ஆளாவா இருப்பான்? அவனுக்கு மட்டும் விஷயம் தெரியாதா?”

தம்பி யோசித்தார். இன்னொரு டீ சொன்னேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து டீமேட் கணக்கு தொடங்கியவர்கள் இந்தப் பகுதியில் இப்போது நிறைய. அவர்களுக்கு ‘பெரிய கை’ பற்றிய செய்திதான் அதிகம் வருகிறது. அதை வாசிக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு பட்டியல்கள்

தினமும் சந்தை முடிந்த பிறகு, மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் தங்கள் இணையதளத்தில் இரண்டு பட்டியல்களை வெளியிடுகின்றன. ஒன்று பல்க் டீல், இன்னொன்று பிளாக் டீல். பங்கின் பெயர், வாங்கியவர் அல்லது விற்றவர் பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் இருக்கும். பார்க்கக் காசு வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் பாதி இங்கிருந்து எடுத்தவைதான். ஆனால் ஒரு வரியை மட்டும் உருவி எடுத்து அனுப்புவார்கள்.

பல்க் டீல் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2004 ஜனவரியில் கொண்டுவந்த விதி. ஒரு கம்பெனியின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே ஆள் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ பெயர் வெளியே வரவேண்டும். இது வழக்கமான சந்தை நேரத்தில், எல்லோரும் வாங்கி விற்கும் அதே திரையில் நடப்பது. நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

பிளாக் டீல் 2005-ல் வந்தது. இதற்கென்று தனி நேரம், தனி ஜன்னல். காலை 8:45 முதல் 9 மணி வரை ஒன்று, மதியம் 2:05 முதல் 2:20 வரை இன்னொன்று. விற்பவரும் வாங்குபவரும் விலையையும் எண்ணிக்கையையும் முன்பே பேசி முடித்துக்கொண்டு இங்கே வந்து கைமாற்றிக்கொள்கிறார்கள். காலை ஜன்னலுக்கு முந்தைய நாள் முடிவு விலை அடிப்படை. மதிய ஜன்னலுக்கு 1:45 முதல் 2 மணி வரை நடந்த வியாபாரத்தின் சராசரி விலை அடிப்படை. அதிலிருந்து ரொம்ப விலகக் கூடாது. பல வருடங்களாக மேலே கீழே 1 சதவீதம்தான் அனுமதி இருந்தது, குறைந்தது 10 கோடி ரூபாய் வியாபாரம் இருக்கவேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் செபி வெளியிட்ட புதிய சுற்றறிக்கை அதை 3 சதவீதம், 25 கோடி ரூபாய் என்று மாற்றியது. இங்கே வாங்கிய பங்கை டெலிவரி எடுத்தே ஆகவேண்டும். காலையில் வாங்கி மாலையில் விற்றுக் கணக்கை முடிக்கிற வேலை இங்கே நடக்காது.

எதற்காக இந்தத் தனி ஜன்னல்? காசிமேட்டில் ஒரு விசைப்படகு நிறைய ஒரே வகை மீன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக ஏலத்தில் கொட்டினால் விலை படுத்துவிடும். கடைசிக் கூடை போகும்போது முதல் கூடையின் விலையில் பாதிகூடத் தேறாது. அதனால் மொத்த வியாபாரியிடம் முன்பே பேசி ஒரே விலைக்குத் தள்ளிவிடுவதுதான் படகுக்காரருக்கு நல்லது. பெரிய அளவில் பங்கு வைத்திருப்பவரின் நிலையும் அதுதான். எட்டுக் கோடி பங்கைத் திறந்த சந்தையில் விற்க ஆரம்பித்தால், பாதி விற்பதற்குள் விலை தரையைத் தொடும். வாங்குகிறவருக்கும் அதே சிக்கல். வாங்க வாங்க விலை ஏறும். ஜன்னல் இரண்டு பேரையும் காப்பாற்றுகிறது.

ஆக, பிளாக் டீல் நடந்தது என்றாலே, இரண்டு பெரிய கைகள் ஒரு விலையில் ஒத்துப்போயின என்று அர்த்தம். ஒருவர் ‘இந்த விலைக்கு விட்டுவிடலாம்’ என்று முடிவெடுத்த அதே நேரத்தில் இன்னொருவர் ‘இந்த விலைக்கு எடுக்கலாம்’ என்று முடிவெடுத்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வாசலிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

காட்டுப்பள்ளியை வைத்திருக்கும் கம்பெனியில் நடந்தது

மீஞ்சூர் வழியாக இரவும் பகலும் டிரெய்லர்கள் கிழக்கே போகிற காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி கட்டியது. 2018-ல் அது அதானி போர்ட்ஸ் கைக்கு மாறியது. அதானி போர்ட்ஸ் பங்கு 2023 ஜனவரி 24 அன்று ஏறக்குறைய 760 ரூபாயில் இருந்தது. அன்றுதான் அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனம் அதானி குழுமத்தின் மீது குற்றச்சாட்டுகள் அடங்கிய அறிக்கையை வெளியிட்டது. குழுமம் மறுத்தது. ஆனால் சந்தை காத்திருக்கவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு கட்டத்தில் அந்தப் பங்கு 400 ரூபாய்க்கும் கீழே போய்த் திரும்பியது.

மார்ச் 2, வியாழக்கிழமை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் ஜிக்யூஜி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், நான்கு அதானி கம்பெனிகளின் பங்குகளை 15,446 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதை நடத்துபவர் இந்தியாவில் பிறந்த ராஜீவ் ஜெயின். அதானி எண்டர்பிரைசஸில் 5,460 கோடி, அதானி போர்ட்ஸில் 5,282 கோடி, அதானி கிரீனில் 2,806 கோடி, அதானி டிரான்ஸ்மிஷனில் 1,898 கோடி.

அதானி போர்ட்ஸ் வரியை மட்டும் கிட்டத்தில் வைத்துப் படிப்போம். எண்ணிக்கை சுமார் 8.86 கோடி பங்குகள். விலை 596.20 ரூபாய். கம்பெனியின் மொத்தப் பங்குகளில் 4.1 சதவீதம். வாங்கியவர் பெயர் எல்லா நாளிதழ்களிலும் கொட்டை எழுத்தில் வந்தது. விற்றவர் யார்? எஸ்.பி. அதானி ஃபேமிலி டிரஸ்ட். அதாவது குழுமத்தை நடத்தும் குடும்பமே.

இங்கே நிறுத்தி யோசிக்கவேண்டும். குடும்பம் ஏன் அடிபட்ட விலையில் விற்றது? பங்கை அடமானம் வைத்துப் பெரிய கடன் வாங்கியிருந்தார்கள். விலை விழ விழ, கடன் கொடுத்தவர்கள் கூடுதல் அடமானமோ பணமோ கேட்பார்கள். பணம் தேவை. அடுத்த பத்து நாட்களில், பங்கை ஈடாக வைத்து வாங்கியிருந்த 215 கோடி டாலர் கடனை முழுவதும் அடைத்துவிட்டதாகக் குழுமம் அறிவித்தது. ஆக, இந்த வியாபாரத்தில் விற்றவருக்குக் காரணம் கடன். வாங்கியவருக்குக் காரணம், பல வருடங்கள் வைத்திருக்கலாம் என்ற கணிப்பு, அதோடு இறங்கிக் கிடந்த விலை. இருவரின் கணக்கும் வேறு வேறு. இருவரும் தங்கள் கணக்கில் சரியாகவே இருந்திருக்கலாம்.

நம் தம்பியைப் போன்றவருக்கு என்ன ஆகியிருக்கும்? செய்தி வியாழன் மாலைதான் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை அதானி போர்ட்ஸ் ஏறக்குறைய 10 சதவீதம் ஏறி 680 ரூபாய்க்கு மேல் முடிந்தது. அன்று ‘பெரிய கை வாங்கியிருக்கு’ என்று மாலை வரை காத்திருந்து வாங்கியவர், ஜிக்யூஜி கொடுத்ததைவிட 14 சதவீதத்துக்கும் கூடுதலாகக் கொடுத்தார். அதே பங்கு, அதே கம்பெனி. ஆனால் அது ஜிக்யூஜி செய்த பேரம் இல்லை. பிறகு அந்தப் பங்கு நன்றாகவே ஏறியது, உண்மைதான். 2024 நவம்பர் 21-ல் அமெரிக்காவில் குழுமத்தின் தலைவர் கௌதம் அதானி மீது குற்றச்சாட்டு பதிவான செய்தி வந்தபோது, ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் விழவும் செய்தது. அந்தக் குற்றச்சாட்டையும் குழுமம் மறுத்தது. ஆஸ்திரேலியச் சந்தையில் இருக்கும் ஜிக்யூஜியின் சொந்தப் பங்கே அன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. பெரிய கைக்கும் அடி விழும். அந்த அடியைத் தாங்கும் பணமும் பல நாடுகளில் பரவிய முதலீடும் அவர்களிடம் இருக்கின்றன. மாதச் சம்பளக்காரரிடம் அது இல்லை.

விலை என்ன சொல்கிறது

அடுத்துப் பார்க்கவேண்டியது, எந்த விலைக்குக் கைமாறியது என்பது. இதற்கு ஐடிசியைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. திருவொற்றியூரில் பேக்கேஜிங் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே ஐடிசிதான். அதில் பெரிய பங்குதாரர் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபேக்கோ. அது ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை விற்றது.

முதல் முறை 2024 மார்ச் 13. ஐடிசியின் 3.5 சதவீதப் பங்குகள், ஒரு பங்கு 400.25 ரூபாய் விலையில், மொத்தம் 17,485 கோடி ரூபாய். முந்தைய நாள் முடிவு விலையைவிட ஏறக்குறைய 1 சதவீதம்தான் குறைவு. அவ்வளவு பெரிய விற்பனை நடந்த அன்று ஐடிசி பங்கு விழவில்லை, 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஏன்? அந்த நிறுவனம் விற்கப்போகிறது என்று முன்பே சொல்லிவிட்டது. எப்போது விற்குமோ, எவ்வளவு விற்குமோ என்ற பயம் பல வாரங்களாகப் பங்கின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. விற்றுமுடிந்ததும் பயம் போனது. வாங்கியவர்கள் பெரிய தள்ளுபடி கேட்காமல் எடுத்தார்கள் என்பதே, அந்த விலைக்குக் கேட்பு இருக்கிறது என்று காட்டியது.

இரண்டாவது முறை 2025 மே 28. இந்தமுறை 2.5 சதவீதம், ஒரு பங்கு 413 ரூபாய், மொத்தம் 12,900 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். முந்தைய நாள் முடிவைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு, அதாவது பிளாக் டீல் ஜன்னலுக்கு அப்போது இருந்த 1 சதவீத வரம்புக்கு வெளியே. அன்று ஐடிசி சுமார் 3 சதவீதம் இறங்கியது. விற்றவர் அதே ஆள், கம்பெனியும் அதே கம்பெனி. தள்ளுபடி மட்டும் மாறியது. சந்தையின் பதிலும் மாறியது.

தள்ளுபடி குறைவாக இருந்தால், வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால், விற்றவருக்கு அவசரம் அல்லது வாங்க ஆள் குறைவு. அடுத்த சில நாட்கள் அந்தக் கைமாறிய விலைக்கு மேலேயே பங்கு நிலைத்தால், வந்த சரக்கைச் சந்தை ஜீரணித்துவிட்டது. கீழே போனால் இன்னும் விற்க ஆள் இருக்கலாம். அதனால் டீல் நடந்த அன்றைய விலையைவிட அடுத்த ஒரு வாரத்து விலை அதிகம் சொல்லும்.

விற்பனை என்றால் கெட்ட செய்தியா?

2017 மார்ச்சில் ஸ்வீடனின் வோல்வோ தன்னிடம் இருந்த ஐஷர் மோட்டார்ஸ் பங்குகளை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. 1950-களில் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு அந்த ஐஷருக்குச் சொந்தமானது. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவருக்கு, வெளிநாட்டுக்காரன் புல்லட் கம்பெனியை நம்பாமல் ஓடுகிறான் என்று தோன்றியிருக்கும். ஆனால் வோல்வோவுக்கும் ஐஷருக்கும் இடையிலான லாரி, பஸ் கூட்டு நிறுவனம் அப்படியே தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. சந்தையில் பட்டியலிடப்பட்ட ஐஷர் பங்கு வோல்வோவுக்கு வெறும் நிதி முதலீடு, அதைக் காசாக்கிக்கொண்டது. ஐடிசியில் 2024-ல் கிடைத்த பணத்தையும் டொபேக்கோ நிறுவனம் தன் சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கத்தான் பயன்படுத்தியது.

பெரியவர்கள் விற்பதற்குக் காரணங்கள் பல. கடன் அடைக்க, ஃபண்டின் காலம் முடிந்து முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர, வேறு தொழிலுக்குப் பணம் திரட்ட. புதிதாகச் சந்தைக்கு வந்த கம்பெனியில், முன்பே முதலீடு செய்தவர்களின் பங்கு ஆறு மாதம் பூட்டப்பட்டிருக்கும். பூட்டு திறந்ததும் விற்பனை வருவது சகஜம். சில சமயம் ஒரே குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளுக்குள்ளேயே பங்கு கைமாறும். பட்டியலில் அது கோடிகளில் தெரியும், உண்மையில் எதுவுமே மாறியிருக்காது. இரண்டு பக்கப் பெயர்களையும் படித்தால் மட்டுமே இது தெரியவரும்.

எண்ணை எதனோடு ஒப்பிடுவது

‘இருபதாயிரம் பங்கு வாங்கினார்கள்’ என்றால் பெரிதா, சிறிதா? எம்ஆர்எஃப் மொத்தமே 42.41 லட்சம் பங்குகள்தான் வெளியிட்டிருக்கிறது. திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கி, 2023 ஜூனில் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தொட்ட கம்பெனி அது. அதில் 0.5 சதவீதம் என்பது சுமார் 21,200 பங்குகள். அந்த விலையில் 212 கோடி ரூபாய். இன்னொரு பக்கம், மொத்த மதிப்பே 100 கோடி உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் 0.5 சதவீதம் என்பது வெறும் 50 லட்சம் ரூபாய். இரண்டுமே பல்க் டீல் பட்டியலில் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். ஒன்று பெரிய நிறுவனத்தால் மட்டும் முடிகிற காரியம். மற்றது, வசதியான தனிமனிதர் ஒருவர் நினைத்தாலே நடந்துவிடும். அதனால் எண்ணிக்கையைப் பார்த்ததும் இரண்டு கணக்குப் போடவேண்டும்: கம்பெனியின் மொத்தப் பங்கில் இது எத்தனை சதவீதம், இந்தப் பங்கில் வழக்கமாக ஒரு நாளில் நடக்கும் வியாபாரத்தைப் போல இது எத்தனை மடங்கு.

சின்னக் கம்பெனிகளின் பல்க் டீல் பட்டியலில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரே பெயர் வாங்கிய பக்கத்திலும் இருக்கும், விற்ற பக்கத்திலும் இருக்கும். ஒரே நாளில் பத்து லட்சம் பங்கு வாங்கி, பத்து லட்சத்தையும் விற்றிருப்பார்கள். கையில் மிச்சம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் வைத்து நொடிக்கு நொடி வாங்கி விற்கும் வர்த்தக நிறுவனங்கள் இவை. கம்பெனியைப் பற்றி இவர்களுக்கு நல்ல கருத்தும் கிடையாது, கெட்ட கருத்தும் கிடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும்போது வாங்கிய வரி மட்டும் வரும். விற்ற வரி வராது. தம்பியின் போனில் வந்தது எந்த வகை என்று தெரியவேண்டுமானால், பட்டியலைத் திறந்து அந்தப் பெயரை இரண்டு பக்கமும் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பட்டியலில் வராதவை

பெரிய நிறுவனங்கள் வாங்குவது எல்லாமே இந்தப் பட்டியல்களில் வரும் என்று நினைக்கவேண்டாம். மியூச்சுவல் ஃபண்டு ஒன்று ஒரு பங்கை வாங்க முடிவெடுத்தால், பெரும்பாலும் ஆர்டரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பல நாட்களுக்குப் பரப்பி வாங்கும். ஒரு நாளில் 0.5 சதவீதத்தைத் தாண்டாதவரை அதன் பெயர் வெளியே வராது. அதைத் தெரிந்துகொள்ள வேறு இடங்கள் உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் எந்தப் பங்கில் எவ்வளவு வைத்திருக்கின்றன என்று வெளியிடவேண்டும். ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் கம்பெனிகள் பங்குதாரர் பட்டியலைத் தருகின்றன. 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர்களின் பெயர் அதில் இருக்கும். கம்பெனியை நடத்தும் புரமோட்டர் எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார் என்பதும் அதிலேயே தெரியும். ஒருவரின் பங்கு 5 சதவீதத்தைத் தொட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் தனியாக அறிவிக்கவேண்டும்.

ஒரு நாள் டீலைப் பார்த்து எழும் சந்தேகத்தை இந்தக் காலாண்டுப் பட்டியலில் வைத்துச் சரிபார்க்கலாம். மார்ச்சில் வாங்கியவரின் பெயர் ஜூன் பட்டியலிலும் செப்டம்பர் பட்டியலிலும் தொடர்கிறதா, பங்கு கூடியிருக்கிறதா? ஜிக்யூஜி பிறகும் அதானி கம்பெனிகளில் தன் பங்கைக் கூட்டியது. ஒருநாள் வாங்கியதைவிட, திரும்ப வந்து வாங்கியதுதான் அதன் நம்பிக்கையைக் காட்டியது.

இதிலும் அடங்காத விஷயங்கள் இருக்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் பல வருடங்களாக எதிர்க்கிறார்கள். கடல் அரிக்கும், ஏரியின் முகத்துவாரம் கெடும், மீன்பாடு போகும் என்கிறார்கள். இந்தக் கவலை எந்த டீல் பட்டியலிலும் ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் அந்தத் துறைமுகம் எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று. ஃபுளோரிடாவில் இருப்பவருக்கு அறிக்கை வழியாகத் தெரிவது, மீஞ்சூரில் இருப்பவருக்கு நேராகவே தெரியும். அதற்கு ஒரு மதிப்பு உண்டு. நம் ஊர்க்காரர்கள் அதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள்.

செய்தி நம்மிடம் வருவதற்கு முன்

பெரிய ஃபண்டு வாங்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு முன்னால் ஓடிப்போய் வாங்கி வைத்து லாபம் பார்க்கலாம். அது குற்றம். 2025 ஜனவரி 2 அன்று செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. அமெரிக்க ஃபண்டு ஒன்றின் பெரிய ஆர்டர்களைப் பற்றிய தகவலை முன்பே பெற்று வர்த்தகம் செய்ததாக, கேதன் பரேக் உள்ளிட்டவர்கள் மீது குற்றஞ்சாட்டி, 65.77 கோடி ரூபாயை முடக்கியது. 2001 பங்குச் சந்தை ஊழலில் அடிபட்ட அதே பெயர். இந்த உத்தரவிலிருந்து சின்ன முதலீட்டாளர் ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும்: முன்கூட்டியே தெரிந்த செய்தி யாருக்கோ காசு, அது வாட்ஸ்அப் குழுவுக்கு இலவசமாக வராது. அப்படி ஒருவர் அனுப்பினால், அவர் ஏற்கெனவே வாங்கிவைத்துவிட்டு, விற்க ஆள் தேடுகிறார் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். பெரிய கை வாங்கிய செய்தி வந்தால், அதைக் கம்பெனியைப் படிக்க ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்க ஒரு காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விற்றவர் யார், அவருக்கு என்ன தேவை, எந்த விலையில் கைமாறியது, மொத்தத்தில் எத்தனை சதவீதம், அடுத்த காலாண்டிலும் அந்தப் பெயர் இருக்கிறதா? இந்த ஐந்துக்கும் பதில் பொதுவெளியிலேயே, தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கும்படி இருக்கிறது. ஐந்தும் தெரிந்த பிறகும் அந்தக் கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்று உங்களால் சொல்லமுடியவில்லை என்றால், அந்தப் பங்கு உங்களுக்கு இன்னும் தயாராகவில்லை. ஜிக்யூஜி 15,446 கோடியைப் போட்டபோது அதற்குப் பின்னால் ஒரு பெரிய குழு கணக்குப் பார்த்திருக்கும். இரவு ஷிஃப்டில் சேர்த்த பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் அதே அளவு கணக்குப் பார்க்கும் உரிமையும் கடமையும் நமக்கு இருக்கிறது.